தகவல் தேடக் கற்றுக்கொடுப்பது எப்படி: முதன்முதலாக வகுப்பெடுப்போருக்கு

கல்லூரி மாணவர்களுக்குத் தகவல் அறிதிறன் (தகவலைத் தேடி, எடைபோட்டு, பயன்படுத்தும் திறன்) வகுப்பு எடுக்கும் பொறுப்பு முதன்முதலாக வந்து சேரும்போது, நூலகர் ஆனாலும் ஆசிரியர் ஆனாலும் பெரும்பாலோர் செய்வது ஒன்றுதான். நூலகம் சந்தா கட்டும் தரவுத்தளங்களை எல்லாம் வரிசையாகத் திரையில் திறந்து காட்டுவார்கள். ஒரு மணி நேரத்தில் எட்டுத் தளங்கள், ஒவ்வொன்றிலும் ஒரு மேம்பட்ட தேடல் பக்கம், வடிகட்டிகள், பதிவிறக்கப் பொத்தான். மாணவர்கள் தலையாட்டுவார்கள். அடுத்த வாரம் கட்டுரை எழுத உட்காரும்போது கூகுளில் முதலில் வந்ததை எடுத்து ஒட்டுவார்கள்.

இதில் மாணவர்மேல் குற்றமில்லை. தேவை எழாத நேரத்தில் காட்டிய கருவி யார் கையிலும் தங்காது. 'தகவல் அறிதிறன்' என்ற கருத்தை 1974-இல் முன்வைத்த பால் சுர்கோவ்ஸ்கி, தம் வேலைக்குத் தகவல் வளங்களைப் பயன்படுத்தப் பழகியவரையே அப்படி அழைத்தார். மாணவரின் வேலை என்பது அவர் கையில் இருக்கும் ஒப்படைப்பு. அது இல்லாத வகுப்பு வெறும் சுற்றுலா.

முதலில் ஒப்படைப்புத் தாளைக் கேட்டு வாங்குங்கள்

பாட ஆசிரியர் "பிள்ளைகளுக்கு நூலகத்தைப் பற்றி ஏதாவது சொல்லுங்கள்" என்று அழைத்தால் உடனே தேதி கொடுத்துவிடாதீர்கள். ஒப்படைப்புத் தாளை வாங்கிப் படியுங்கள். எத்தனை சான்றுகள் கேட்கிறார், எந்த வகைச் சான்றுகள், எந்த மேற்கோள் முறை, எப்போது சமர்ப்பிக்க வேண்டும் என்று பாருங்கள். மாணவர் தலைப்பைத் தேர்ந்தெடுத்த பிறகும், வரைவு எழுதத் தொடங்குவதற்கு முன்னும் வகுப்பு அமைய வேண்டும். தலைப்பே இல்லாமல் வந்தால் வேடிக்கை பார்ப்பார்கள். வரைவு முடிந்த பின் வந்தால், எழுதியதற்கு ஏற்ற மேற்கோளைத் தேடி ஒட்டும் வேலைதான் நடக்கும்.

தாளிலேயே கோளாறு இருக்கலாம். "இணையத்தைப் பயன்படுத்தக் கூடாது, ஆய்விதழ்களை மட்டும் பயன்படுத்தவும்" என்ற வரியை இன்றும் பார்க்கலாம். ஆய்விதழ்களில் பெரும்பாலானவை இணையத்தில்தான் இருக்கின்றன என்பதால் மாணவர் குழம்பிப்போவார். "5 ஆய்விதழ்க் கட்டுரைகள்" என்று மட்டும் சொன்னால், இதழில் வந்த நூல் மதிப்புரையையும் தலையங்கத்தையும் சேர்த்துக் கணக்குக் காட்டுவார்கள். அவையும் ஆய்விதழில் வந்தவைதானே! இத்தகைய வரிகளைப் பாட ஆசிரியரோடு பேசித் திருத்தினால் வகுப்பின் பாதி வேலை அங்கேயே முடிந்துவிடும்.

வகுப்புக்கு ஒரு வாரம் முன்பு ஒரு சிறு சோதனை வையுங்கள். ஒவ்வொருவரும் தம் தலைப்புக்கு ஒரே ஒரு சான்றைக் கண்டுபிடித்து, அதை எப்படித் தேடினார், ஏன் தேர்ந்தெடுத்தார் என்று நாலு வரி எழுதித் தரட்டும். மதிப்பெண் வேண்டாம். முப்பது தாள்களைப் புரட்டினால் எங்கே தடுக்கி விழுகிறார்கள் என்பது தெரிந்துவிடும். சில வகுப்புகளுக்குத் தேடுவதே சிக்கல். வேறு சில வகுப்புகள் நன்றாகத் தேடும், கிடைத்ததை எடைபோடத்தான் தெரியாது. இரண்டுக்கும் ஒரே பாடத்தை எடுப்பது வீண்.

ஒரு வகுப்புக்கு இரண்டு திறன், மூன்றாவது வேண்டாம்

அமெரிக்கக் கல்லூரி, ஆய்வு நூலகங்களின் சங்கம் 2000-இல் இதற்கெனத் தர அளவுகளை வெளியிட்டது. பின்னர் அவற்றைக் கைவிட்டு, 2016-இல் ஆறு கருத்துகள் கொண்ட ஒரு சட்டகத்தை ஏற்றது. சூழலைப் பொறுத்தே ஒரு சான்றுக்கு அதிகாரம் கிடைக்கிறது, ஆய்வு என்பது கேள்வி கேட்டுக்கொண்டே போவது, தேடல் என்பது திட்டமிட்டு அலசுவது போன்றவை அந்த ஆறில் அடங்கும். பாடத்திட்டம் வகுக்கும்போது அது நல்ல வரைபடம். ஒரே வகுப்பில் ஆறையும் நடத்த நினைத்தால் எதுவும் மிஞ்சாது.

ஐம்பது நிமிட வகுப்புக்கு இரண்டு திறன்களை எடுங்கள். அவற்றை வினைச்சொல்லில் எழுதுங்கள். "மாணவர் தரவுத்தளங்களைப் பற்றி அறிவார்" என்பதை அளக்க வழியில்லை. "மாணவர் தம் கேள்வியிலிருந்து மூன்று கருத்துகளைப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் இரண்டு மாற்றுச் சொற்கள் எழுதுவார்" என்று எழுதினால் வகுப்பு முடிவில் தாளைப் பார்த்தே சொல்லிவிடலாம்.

தலைப்பு, கேள்வி, தேடல் சொல்

தேடல் தோற்பதற்குப் பெரும்பாலும் தேடுபொறி காரணமில்லை, தலைப்பு அகலமாக இருப்பதே காரணம். "சமூக ஊடகமும் மாணவர்களும்" என்று தேடுபவருக்குப் பல்லாயிரம் முடிவுகள் வரும், ஒன்றும் உதவாது. யார், எங்கே, எப்போது, எதன் விளைவு என்று நான்கு கேள்விகளைக் கேட்கச் சொல்லுங்கள். "இரவில் கைபேசி பார்ப்பது கல்லூரி மாணவர்களின் தூக்கத்தைக் குறைக்கிறதா?" என்று வந்தவுடன் தேட ஒரு பிடி கிடைத்துவிடுகிறது.

இப்போது கரும்பலகையில் மூன்று கட்டங்கள் போடுங்கள். முதல் கட்டத்தில் கைபேசி, இரண்டாவதில் கல்லூரி மாணவர், மூன்றாவதில் தூக்கம். ஒவ்வொன்றின் கீழும் அதே பொருள் தரும் வேறு சொற்களை மாணவர்களே சொல்லட்டும்: ஸ்மார்ட்போன், மொபைல், திரை நேரம், இளங்கலை மாணவர், இளைஞர், தூக்கத்தின் தரம், தூக்கமின்மை. பெரிய ஆய்வுத் தரவுத்தளங்களில் இருப்பவை பெரும்பாலும் ஆங்கிலக் கட்டுரைகள் என்பதால், தமிழில் யோசித்த சொற்களுக்கு அந்தத் துறை ஆங்கிலத்தில் என்ன சொல்லுகிறது என்றும் கண்டுபிடிக்க வேண்டும். அகராதியில் பார்த்து அப்படியே போட்டால் பல நேரம் தவறான சொல்தான் கிடைக்கும். அதற்குப் பதிலாக விக்கிப்பீடியாவின் தமிழ்ப் பக்கத்திலிருந்து அதே பொருளின் ஆங்கிலப் பக்கத்துக்குத் தாவி, முதல் பத்தியில் உள்ள கலைச்சொற்களை எடுத்துக்கொள்ளச் சொல்லுங்கள். விக்கிப்பீடியாவை மேற்கோள் காட்டாதே என்று சொல்லும் ஆசிரியர்கள்கூட இந்த வேலைக்கு அதை மறுக்க முடியாது.

கட்டம் நிரம்பிய பிறகு சேர்ப்புச் சொற்களுக்கு வாருங்கள். ஒரே கட்டத்துக்குள் இருக்கும் சொற்களை 'ஆர்' (OR) கொண்டு இணைத்து அடைப்புக்குறிக்குள் வைக்க வேண்டும். கட்டத்துக்கும் கட்டத்துக்கும் நடுவே 'அண்ட்' (AND) வர வேண்டும். 'ஆர்' வலையை விரிக்கும், 'அண்ட்' சுருக்கும். மாணவர்கள் இதைத் தலைகீழாகப் புரிந்துகொள்வது மிக வழக்கம், ஏனென்றால் பேச்சில் 'அண்ட்' என்றால் கூடுதல் என்றுதான் பொருள். வகுப்பில் உள்ளவர்களையே எழுப்பிக் காட்டுங்கள்: "கண்ணாடி அணிந்தவர் அண்ட் நீலச் சட்டை போட்டவர் எழுந்து நில்லுங்கள்" என்றால் இரண்டு பேர் எழுவார்கள், 'ஆர்' என்றால் பாதி வகுப்பு எழும். அதற்கு மேல் விளக்கம் தேவைப்படாது.

வழக்கமாக நடக்கும் பிழைகளில் சில. முழுக் கேள்வியையும் தேடல் பெட்டியில் ஒட்டுவது, எல்லாச் சொற்களையும் ஒரே மேற்கோள்குறிக்குள் அடைப்பது, 'ஆர்' போட்டுவிட்டு அடைப்புக்குறியை மறப்பது. சேர்ப்புச் சொற்களைப் பெரிய எழுத்தில் தட்டச்சு செய்யப் பழக்குங்கள், சில தேடுபொறிகள் சின்ன எழுத்தில் இருந்தால் அவற்றைச் சாதாரணச் சொல்லாக எடுத்துக்கொள்ளும். ஒரு வேரில் தொடங்கும் எல்லாச் சொற்களையும் தேட, வேரோடு நட்சத்திரக்குறி சேர்க்கும் உத்தியில் வேர் குட்டையாகிவிடக் கூடாது. பூனைக்கான மூன்று ஆங்கில எழுத்துகளின் பின் நட்சத்திரம் போட்டால் கேட்டலாக்கும் கேட்டகரியும் வந்து குவியும். ஒரு சொல் உள்ளவற்றை விலக்கும் 'நாட்' (NOT) என்பதை முதல் வகுப்பில் தொடவே வேண்டாம். அது வேண்டாததோடு வேண்டியதையும் சேர்த்து வெட்டிவிடும், வெட்டியது என்னவென்று மாணவருக்குத் தெரியவும் தெரியாது.

முடிவுகள் ஆயிரக்கணக்கில் வந்தால் இன்னொரு கட்டத்தைச் சேர்க்கலாம். பத்துக்கும் குறைவாக வந்தால் ஒரு கட்டத்தை எடுத்துவிட்டுப் பார்க்கலாம், அல்லது மாற்றுச் சொற்களைக் கூட்டலாம். பொருத்தமான ஒரே ஒரு கட்டுரை கிடைத்துவிட்டால் மறுபடி தேடல் பெட்டிக்குப் போகாமல் அந்தக் கட்டுரையிலிருந்தே நகரச் சொல்லுங்கள். தரவுத்தளம் அதற்கு இட்டிருக்கும் பொருள் தலைப்புகளைத் தேடல் சொற்களாக எடுத்துக்கொள்ளலாம். அதன் மேற்கோள் பட்டியல் பழைய ஆய்வுகளுக்கு அழைத்துப்போகும். கூகுள் ஸ்காலரில் அதன் கீழே, பின்னால் அதை மேற்கோள் காட்டியவற்றுக்கான இணைப்பு இருக்கும், அதை அழுத்தினால் புதிய ஆய்வுகள் வரும். அனுபவமுள்ள ஆய்வாளர்கள் உண்மையில் இப்படித்தான் தேடுகிறார்கள்.

எடைபோடுதல்: பக்கத்தை விட்டு வெளியே வாருங்கள்

இந்தப் பகுதிக்குத்தான் அதிக நேரம் ஒதுக்க வேண்டும்.

கலிபோர்னியா மாநிலப் பல்கலைக்கழகத்தின் சிக்கோ வளாகத்தில் 2004-இல் உருவான ஒரு சரிபார்ப்புப் பட்டியல் உலகெங்கும் பரவியது. புதுமை, பொருத்தம், எழுதியவரின் தகுதி, துல்லியம், நோக்கம் என்று ஐந்து. மனப்பாடம் செய்ய எளிது. குறை என்னவென்றால், பக்கத்தைப் பார்த்தபடியே எல்லாக் கட்டத்திலும் டிக் போட்டுவிடலாம். ஏமாற்ற நினைப்பவருக்கும் தேதி போடத் தெரியும், 'எங்களைப் பற்றி' பக்கம் எழுதத் தெரியும், அழகான இலச்சினை செய்யத் தெரியும்.

ஸ்டான்ஃபோர்டைச் சேர்ந்த சாம் வைன்பர்க், சாரா மக்ரூ இருவரும் 2017-இல் வெளியிட்ட ஆய்வு இதைக் கண்முன் காட்டியது. வரலாற்று முனைவர்கள் 10 பேர், தொழில்முறைச் செய்தி சரிபார்ப்பாளர்கள் 10 பேர், ஸ்டான்ஃபோர்டு இளங்கலை மாணவர்கள் 25 பேர் என்று 45 பேரிடம் இணையப் பக்கங்களைக் கொடுத்து எடைபோடச் சொன்னார்கள். முனைவர்களில் பலரும் மாணவர்களும் அதே பக்கத்தில் மேலும் கீழும் படித்துக்கொண்டிருந்து, இலச்சினையிலும் முகவரியிலும் ஏமாந்தார்கள். சரிபார்ப்பாளர்களோ சில நொடிகளில் பக்கத்தை விட்டு வெளியேறி, புதிய தாவல்களைத் திறந்து, இந்தத் தளத்தைப் பற்றி மற்றவர்கள் என்ன சொல்கிறார்கள் என்று பார்த்தார்கள். பக்கத்தைக் குறைவாகப் படித்த அவர்களே விரைவாகவும் சரியாகவும் முடிவுக்கு வந்தார்கள். இதைப் பக்கவாட்டு வாசிப்பு என்கிறார்கள். தகவல் அறிதிறன் ஆய்வாளர் மைக் கால்ஃபீல்டு 2019-இல் தந்த நான்கு படிகள் இதன் வழியே வந்தவை: நில், மூலத்தை விசாரி, இதைவிட நல்ல சான்று உண்டா என்று பார், கூற்றை அது பிறந்த இடம் வரை தொடர்.

வகுப்பில் செய்ய வேண்டியது: இருவர் இருவராக உட்கார வையுங்கள். நான்கு இணைப்புகளைக் கொடுங்கள். கொடுத்த பக்கத்தில் 30 நொடிக்கு மேல் நிற்கக் கூடாது என்பது விதி. பிறகு வெளியே தேடி, ஐந்து நிமிடத்துக்குள் இரண்டு வரி எழுத வேண்டும்: இந்தத் தளத்தை நடத்துவது யார், இந்தக் கூற்றில் அவர்களுக்கு என்ன ஆதாயம்?

நான்கில் இரண்டு நல்ல தளங்களாக இருக்கட்டும். அதுவும் தோற்றத்தில் பழையதாக, மந்தமாக இருப்பவை. மீதி இரண்டில் ஒன்று நடுநிலை ஆய்வு மையம் போல் தோன்றும் தொழில் சார்பு அமைப்பு. இன்னொன்று உண்மையான தரவைத் திரித்துச் சொல்லும் பக்கம். நான்கையும் பொய்யாக வைத்தால் மாணவர் கற்றுக்கொள்வது ஒன்றே ஒன்று: "எதையும் நம்ப முடியாது". அது அறிதிறன் ஆகாது, சோம்பலுக்குக் கிடைத்த நல்ல சாக்கு. அதேபோல மரத்தில் வாழும் ஆக்டோபஸ் பற்றி 1998 முதல் இணையத்தில் இருக்கும் புகழ்பெற்ற கேலிப்பக்கத்தை வகுப்பில் காட்டும் வழக்கத்தையும் விட்டுவிடலாம். மாணவர் அன்றாடம் சந்திப்பவை அப்படி வெளிப்படையான கற்பனைகள் இல்லை. முக்கால்வாசி உண்மையோடு கலந்து வருபவை.

ஒரு கூற்றின் பின்னால் போவது

கால்ஃபீல்டின் நான்காவது படிக்கு ஒரு முழுப் பயிற்சி வையுங்கள். அதற்கென்றே செய்தது போன்ற ஒரு கூற்று கல்வி உலகில் உலாவுகிறது: "படிப்பதில் 10 விழுக்காடும், கேட்பதில் 20 விழுக்காடும், பார்ப்பதில் 30 விழுக்காடும், செய்து பார்ப்பதில் 90 விழுக்காடும் நினைவில் நிற்கும்." முக்கோணப் படத்தோடு பயிற்சிப் பட்டறைகளில் நீங்களே பார்த்திருப்பீர்கள்.

அந்தப் படத்தை மட்டும் கொடுத்து, எண்கள் எங்கிருந்து வந்தன என்று கேளுங்கள். முதல் ஐந்து நிமிடத்தில் அதே படத்தை வெளியிட்ட பத்துப் பக்கங்களைக் கொண்டுவந்து "உறுதியாகிவிட்டது" என்பார்கள். அங்கே நிறுத்தி, இந்தப் பத்தும் தனித்தனிச் சான்றுகளா, ஒன்றைப் பார்த்து ஒன்று எழுதியவையா என்று கேளுங்கள். ஒவ்வொன்றும் யாரைக் காட்டுகிறது என்று அம்புக்குறி போட்டுத் தாளில் வரையச் சொல்லுங்கள். அம்புகளில் பல எட்கர் டேல் என்ற அமெரிக்கக் கல்வியாளரிடம் போய்ச் சேரும். டேல் 1946-இல் வெளியிட்ட நூலில் அனுபவக் கூம்பு ஒன்றை வரைந்தது உண்மை. அந்தக் கூம்பில் எண்களே இல்லை! விழுக்காடுகள் பின்னால் யாரோ ஒட்டியவை. இதைத் தாங்களே கண்டுபிடிக்கும் வகுப்பு அதன் பிறகு உருண்டையான எண்களைப் பார்த்தவுடன் புருவம் உயர்த்தும். 10, 20, 30 என்று எந்த அளவீடும் இவ்வளவு ஒழுங்காக வராது. இதற்கு 20 நிமிடமாவது தேவை. இடையில் விடையைச் சொல்லிவிடாதீர்கள்.

ஆய்விதழில் வந்துவிட்டாலே முடிந்த உண்மை என்ற எண்ணத்தையும் இங்கே கலைக்கலாம். தடுப்பூசியையும் ஆட்டிசத்தையும் தொடர்புபடுத்திய கட்டுரை 1998-இல் லான்செட் என்ற முன்னணி மருத்துவ இதழில்தான் வந்தது. ஆராய்ந்தது 12 குழந்தைகளை மட்டும். இதழ் அதை முழுமையாகத் திரும்பப் பெற்றது 2010-இல். ஒரு கட்டுரையைப் பயன்படுத்துவதற்கு முன் பதிப்பாளரின் பக்கத்தில் அது திரும்பப் பெறப்பட்டதா என்று பார்க்கப் பழக்குங்கள். நண்பர் அனுப்பிய பழைய பிடிஎஃப் கோப்பில் அந்த அறிவிப்பு இருக்காது. திரும்பப் பெறப்பட்ட கட்டுரைகளைப் பட்டியலிடும் ரிட்ராக்ஷன் வாட்ச் தரவுத்தளம் 2023 முதல், டிஓஐ எண்களைப் பதிவுசெய்யும் கிராஸ்ரெஃப் என்ற அமைப்பு வழியாக எல்லோருக்கும் திறந்திருக்கிறது.

செயற்கை நுண்ணறிவு தரும் மேற்கோள்கள்

தடை போட்டுப் பயனில்லை, சோதிக்கக் கற்றுக்கொடுங்கள். 2023-இல் நியூயார்க்கில் வழக்கறிஞர்கள் இருவர் சாட்ஜிபிடி கற்பனையாகத் தந்த தீர்ப்புகளை நீதிமன்றத்தில் மேற்கோள் காட்டி, 5,000 டாலர் அபராதம் வாங்கினார்கள். மாணவர்களுக்கு அந்த ஒரு செய்தி போதும்.

அத்தகைய கருவி தந்த ஐந்து மேற்கோள்கள் கொண்ட பட்டியலைக் கொடுத்து, ஒவ்வொன்றையும் மூன்று வழிகளில் சரிபார்க்கச் சொல்லுங்கள். டிஓஐ எண்ணை (கட்டுரைக்குத் தரப்படும் நிலையான இணைய அடையாளம்) திறந்தால் அதே கட்டுரை வருகிறதா? தலைப்பை மேற்கோள்குறிக்குள் வைத்துத் தேடினால் கிடைக்கிறதா? இதழின் அந்தத் தொகுதியில், அந்தப் பக்கத்தில் என்ன இருக்கிறது? பிழைகள் மூன்று வகையில் வரும். உண்மையான ஆசிரியர் பெயரோடு இல்லாத தலைப்பு, வேறு கட்டுரைக்குப் போகும் டிஓஐ, கட்டுரை உண்மை ஆனால் சொன்ன கருத்து அதில் இல்லை. மூன்றாவதுதான் பொல்லாதது. இணைப்பு வேலை செய்கிறதே என்று மாணவர் நிம்மதியாகிவிடுவார், சுருக்கத்தையாவது படித்தால்தான் பிடிபடும்.

இந்தப் பட்டியலை முன்கூட்டியே எடுத்து அச்சிட்டு வையுங்கள். இணையத்தில் தேடி விடை தரும் கருவிகள் வந்துவிட்டதால், வகுப்பில் நேரடியாகக் கேட்டால் ஐந்தும் சரியாக வந்து உங்கள் பாடம் கவிழ்ந்துவிடக்கூடும்.

எழுத்தில் பயன்படுத்துதல்

மேற்கோள் முறைக்கு முழு வகுப்பு தேவையில்லை. சொட்டெரோ போன்ற இலவச மென்பொருளை நிறுவிக் காட்டினால் போதும். ஆனால் தானாக உருவாகும் மேற்கோளில் ஆசிரியர் பெயர் விடுபடும், ஆண்டு காணாமல் போகும், தலைப்பு முழுவதும் பெரிய எழுத்தில் வரும். ஒவ்வொன்றையும் கண்ணால் பார்க்கச் சொல்லுங்கள்.

தன் சொல்லில் எழுதுவதுதான் பலருக்கு வராது. மூலப் பத்தியைப் பார்த்தபடியே நாலு சொல்லை மாற்றிப் போட்டுவிட்டு, அதைத் தன் எழுத்து என்று உண்மையாகவே நம்புவார்கள். பத்தியை இருமுறை படித்து, மூடி வைத்து, பக்கத்தில் இருப்பவரிடம் வாயால் சொல்லிவிட்டு எழுதச் சொல்லுங்கள். பிறகு திறந்து ஒப்பிடட்டும். வாயால் சொல்லும் அந்த ஒரு நிமிடம்தான் மாற்றத்தைக் கொண்டுவருகிறது.

வகுப்பு நாள்

ஐம்பது நிமிடத்தை இப்படிப் பிரிக்கலாம்: தொடக்கத்தில் 5 நிமிடம் சிக்கலை முன்வைக்க, 10 நிமிடம் செய்து காட்ட, 25 நிமிடம் மாணவர் தம் தலைப்பில் செய்ய, மீதி 10 நிமிடம் கண்டதைப் பேசி எழுதித் தர. தகுந்த தேடலை முன்கூட்டியே ஒத்திகை பார்த்துக் காட்டுவதைவிட, மாணவர் ஒருவர் தரும் தலைப்பில் நேரடியாகத் தேடித் தடுமாறிக் காட்டுவது மேல். முதல் தேடல் தோற்றுப்போய், சொல்லை மாற்றிப் பார்ப்பதை அவர்கள் பார்க்க வேண்டும்.

எதிர்பாராமல் காலை வாருபவை சில உண்டு. நாற்பது பேர் ஒரே வலையமைப்பிலிருந்து ஒரே நேரத்தில் கூகுள் ஸ்காலரைத் திறந்தால், அது எந்திரம் என்று சந்தேகித்து "நீங்கள் மனிதரா?" என்று கேட்டுத் தேடலை நிறுத்திவிடக்கூடும். பாதிப் பேரைத் தரவுத்தளத்துக்கும் பாதிப் பேரை ஸ்காலருக்கும் அனுப்புங்கள். சில தரவுத்தளச் சந்தாக்கள் ஒரே நேரத்தில் இத்தனை பேர்தான் நுழையலாம் என்று வரம்பு வைத்திருக்கும், முன்னதாகக் கேட்டுக்கொள்ளுங்கள். வளாகத்துக்கு வெளியே உள்நுழைவது எப்படி என்பதை மாணவர் தம் சொந்தக் கைபேசியில் செய்து பார்க்காமல் வகுப்பை முடிக்காதீர்கள். வீட்டில் முதலில் வந்து நிற்பது பணம் கேட்கும் பக்கம்தான், அதைக் கண்டதும் பலர் திரும்பிவிடுவார்கள். இணையம் அறுந்துபோனால் கட்டம் போடும் பயிற்சியைத் தாளில் செய்யலாம் என்பதால் அச்சிட்ட தாள்கள் எப்போதும் கையில் இருக்கட்டும்.

பயன் தெரிந்ததா?

"வகுப்பு பயனுள்ளதாக இருந்ததா" என்று கேட்காதீர்கள், எல்லோரும் ஆம் என்பார்கள். "தேடுவதில் நம்பிக்கை உண்டா" என்பதும் உதவாது, குறைவாகத் தெரிந்தவரே கூடுதலாக மதிப்பெண் போட்டுக்கொள்வதும் உண்டு. பாட ஆசிரியரிடம் சமர்ப்பித்த கட்டுரைகளின் மேற்கோள் பட்டியல்களை வாங்கி மூன்று விஷயங்களை மட்டும் பாருங்கள். எத்தனை சான்றுகள் கேள்விக்கு நேரடியாகப் பொருந்துகின்றன, எத்தனை வெவ்வேறு வகைகளில் உள்ளன, கட்டுரைக்குள் அவை உண்மையில் பயன்பட்டிருக்கின்றனவா, அல்லது கடைசியில் அடுக்கி மட்டும் வைக்கப்பட்டிருக்கின்றனவா? ஒரு வாரம் முன்பு வாங்கிய தாள்களைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் நகர்ந்த தூரம் தெரியும்.

முடிந்தால் தேடல் நாட்குறிப்பு கேளுங்கள்: என்ன சொல் இட்டுத் தேடினேன், எத்தனை வந்தது, எதை மாற்றினேன், எதை ஏன் ஒதுக்கினேன். ஒரு பக்கம் போதும். ஒதுக்கியதற்கான காரணத்துக்கு அதிக மதிப்பெண் கொடுங்கள்.

வரைவு கைக்கு வந்த வாரத்தில் பாட ஆசிரியரிடம் இன்னொரு இருபது நிமிடம் கேட்டுப் பாருங்கள். முதல் வகுப்பில் வாய் திறக்காதவர்கள் அப்போதுதான், அரைகுறைக் கட்டுரையைக் கையில் வைத்துக்கொண்டு, "இதற்கு எதிரான ஆய்வு ஏதாவது இருக்கிறதா, எப்படித் தேடுவது?" என்று கேட்பார்கள். கட்டம் போட்ட அந்தப் பழைய தாளை வெளியே எடுக்கச் சொல்லி, நான்காவது கட்டத்தை அவர்களையே நிரப்ப விடுங்கள்.